பயாஸ் மாற்றினால் கார்டு வேகமாகுமா? எங்கே முட்டுகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி இதுதான்: கையில் இருப்பது இரண்டு ஃபேன் வைத்த ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு. ஆஃப்டர்பர்னரில் (கார்டின் வேகத்தையும் மின்சார வரம்பையும் மாற்றும் சாஃப்ட்வேர்) பவர் லிமிட் ஸ்லைடர் 100-ஐத் தாண்ட மறுக்கிறது, அதாவது 220 வாட்டோடு நின்றுவிடுகிறது. இதே சிப்பை வைத்து வேறொரு கம்பெனி விற்கும் மூன்று ஃபேன் கார்டுக்கு 270 வாட் வரை அனுமதி இருக்கிறது. அந்தக் கார்டின் பயாஸை (கார்டை இயக்கும் உள்ளமைந்த மென்பொருளை) இறக்கி இதில் ஃப்ளாஷ் செய்தால், அதாவது பழையதன் மேல் எழுதினால், ஓவர்கிளாக் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) இன்னும் ஏறுமா, கார்டு செத்துப்போனால் மீட்க முடியுமா?

ஏறும், கொஞ்சம். செத்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் பயாஸ் ஃப்ளாஷ் என்பதே ஓவர்கிளாக் என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். பயாஸ் எதையும் வேகமாக்குவதில்லை, கார்டு முட்டிக்கொண்டு நிற்கிற கூரைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கிறது. உங்கள் கார்டு முட்டுவது வேறு கூரையில் என்றால் இத்தனை பாடும் வீண். அது எந்தக் கூரை என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும், அதைப் பார்க்காமலேயே ஃப்ளாஷ் செய்தவர்கள்தான் அதிகம்.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து சென்சார் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி, பக்கத்தில் நிறப் பட்டையாக ஓடிக்கொண்டிருக்கும். கார்டை நன்றாக வேலை வாங்கும் ஒரு கேமைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, வெளியே வந்து அந்தப் பட்டையின் மேல் மவுசை வையுங்கள், எழுத்தில் காட்டும். 'பவர்' என்று வந்தால் வாட் வரம்பில் முட்டுகிறது, பயாஸ் மாற்றுவதைப் பற்றி யோசிக்கவாவது ஒரு காரணம் இருக்கிறது. 'விரெல்' அல்லது 'விஆப்' என்று வந்தால் முட்டுவது வோல்டேஜில். அங்கே 50 வாட் கூடுதலாகக் கொடுத்தாலும் கார்டு அதை வாங்கிக்கொள்ளாது, ஏனென்றால் சிப்புக்கு இதற்கு மேல் வோல்டேஜ் கிடையாது என்று தனியாக ஒரு தடை இருக்கிறது (2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளில் அது 1.093 வோல்ட், உங்கள் தலைமுறையில் 1.1 வோல்ட்டை ஒட்டி). இன்னொரு கம்பெனியின் பயாஸ் வந்தாலும் அந்தத் தடை அங்கேயேதான் இருக்கும். 'தெர்மல்' என்று வந்தால் சூடு, அதற்குத் தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்றுவதுதான் வைத்தியம். 'யுட்டில்' என்று வந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிராசஸரைத் திட்டுங்கள்.

சரி, உங்களுக்குப் 'பவர்' என்றே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 220-லிருந்து 270-க்குப் போவது கிட்டத்தட்ட 23 சதவீதம் அதிக மின்சாரம். அதனால் வேகமும் 23 சதவீதம் கூடும் என்று மனது கணக்குப் போடும், அங்கேதான் ஏமாற்றம். சிப் உறிஞ்சும் மின்சாரம் அதிர்வெண்ணோடு (கிளாக் என்பது இதுதான்) ஒரு மடங்கும் வோல்டேஜின் இருமடியோடும் சேர்ந்து ஏறுகிறது. அதிர்வெண்ணை ஏற்ற வோல்டேஜையும் ஏற்றித்தான் ஆகவேண்டும், ஆகவே மொத்தத்தில் ஏறக்குறைய மும்மடி. கிளாக் 5 சதவீதம், வோல்டேஜ் 5 சதவீதம் ஏற்றினால் மின்சாரம் 16 சதவீதம் போல் ஏறிவிடும். திருப்பிப் போட்டால், 23 சதவீதம் கூடுதல் மின்சாரத்துக்குக் கிடைப்பது காகிதத்திலேயே 7 சதவீதம் கிளாக். அதில் பாதி வழியிலேயே மேலே சொன்ன வோல்டேஜ் தடை குறுக்கே வரலாம். மிச்சம் இருப்பதும் அப்படியே ஃபிரேமாக மாறாது, மெமரியின் வேகம் அதேதானே. 100 ஃபிரேம் ஓடுகிற கேம் 104 ஓடினால் அதுவே நல்ல அறுவடை என்பேன். அதற்கு ஈடாக ஃபேன் சத்தமும் அறையின் சூடும்.

இதே கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்த முடியும் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். கார்டு வாட் வரம்பில் முட்டுகிறது என்றால், அதே வாட்டுக்குள் அதிக கிளாக் ஓடவைக்க வோல்டேஜைக் குறைத்தால் போதும். வோல்டேஜ் 1.0-லிருந்து 0.9 ஆனால் அதே அதிர்வெண்ணில் சிப்பின் செலவு 19 சதவீதம் போல் இறங்குகிறது. பயாஸ் மாற்றி வாங்க நினைத்த 50 வாட்டில் பெரும்பகுதி இங்கே இலவசமாகக் கிடைத்துவிட்டது பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-பும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு திறக்கும். அதில் 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1,850 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அந்த உயரத்திலேயே தட்டையாக்கி டிக் அடியுங்கள். ஒரு மணி நேரம் நிலையாக ஓடினால் 15 மெகாஹெர்ட்ஸாக ஏற்றிப் பாருங்கள், கார்டும் அந்தப் படியில்தான் ஏறி இறங்கும். எங்கே கிராஷ் ஆகிறதோ அங்கிருந்து இரண்டு படி கீழே வந்து நில்லுங்கள். இதில் தப்பு செய்தால் ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான் தண்டனை. என் கையில் இருக்கும் கார்டு இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

அப்படியானால் பயாஸ் ஃப்ளாஷுக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது? அது ஒரு காலத்தில் உண்மையிலேயே புதையல்தான். 2010 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ரேடியான் எச்டி 6950-இல் 1,408 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்), அதன் அண்ணன் 6970-இல் 1,536. சிப் ஒன்றே, மிச்சத்தை பயாஸில் மூடி வைத்திருந்தார்கள். அண்ணனின் பயாஸை ஏற்றினால் பல கார்டுகளில் பூட்டு திறந்துகொண்டது, போதாக்குறைக்கு அந்தக் கார்டில் இரண்டு பயாஸ் வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் ஸ்விட்ச் வேறு இருந்தது, எனவே பயமும் இல்லை. 2016-இல் ஆர்எக்ஸ் 480 வந்தபோது 4 ஜிபி என்று விற்ற ஆரம்பகாலக் கார்டுகள் சிலவற்றில் உண்மையில் 8 ஜிபி மெமரி சிப் ஒட்டியிருந்தது, பயாஸ் மாற்றினால் மீதி 4 ஜிபி வெளியே வந்தது. 2017-இல் வேகா 56 கார்டுக்கு அதன் அண்ணன் வேகா 64-இன் பயாஸ். அங்கே ஷேடர் எதுவும் திறக்கவில்லை, ஆனால் மெமரிக்குப் போகும் வோல்டேஜ் 1.25-லிருந்து 1.35 ஆனதால் மெமரி கிளாக் நன்றாகவே ஏறியது. அதிலும் சாம்சங் மெமரி இருந்தவர்கள் பிழைத்தார்கள், ஹைனிக்ஸ் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிராஷ்தான். 2020 ஜனவரியில் இன்னும் வேடிக்கை: ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி வெளியாகும் நேரத்தில் ஏஎம்டியே புது பயாஸ் கொடுத்து மெமரியை 12-லிருந்து 14 ஜிகாபிட்டுக்கு ஏற்றச் சொன்னது. விற்பனைக்குப் பெட்டி கட்டியாகிவிட்ட கார்டுக்குக் கம்பெனியே ஓவர்கிளாக் ஃப்ளாஷ்!

அந்தப் புதையல் காலம் முடிந்துபோனதற்குக் காரணம் கையெழுத்து. என்விடியா 2016-இல் பாஸ்கலிலிருந்து பயாஸ் கோப்பில் டிஜிட்டல் கையெழுத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய மேக்ஸ்வெல் தலைமுறை வரைக்கும் பயாஸைத் திறந்து, வாட்டையும் வோல்டேஜையும் நாமே எண்ணால் மாற்றி ஏற்றலாம், அதற்கென்றே எடிட்டர்கள் இருந்தன. இப்போது ஒரு பைட்டை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது, கார்டு ஏற்காது. ஏஎம்டியும் வேகாவிலிருந்து அதே பாதையில் போனது. அங்கே மட்டும் பயாஸைத் தொடாமல் விண்டோஸ் ரிஜிஸ்ட்ரி வழியாகப் பவர் அட்டவணையை மாற்றும் குறுக்குவழி கொஞ்ச காலம் ஓடியது. ஆகவே இன்று ஃப்ளாஷ் என்றால், இன்னொரு கார்டுக்காகக் கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பயாஸை அப்படியே எடுத்து நம் கார்டில் போடுவது மட்டும்தான். அடுத்தவர் செருப்பில் கால் நுழைப்பது மாதிரி. அளவு ஒன்றாக இருந்தாலும் எங்காவது கடிக்கும்.

எங்கே கடிக்கும் என்று சொல்கிறேன். பயாஸ் என்பது வாட் எண்ணை மட்டும் எழுதி வைத்த சீட்டு இல்லை. கார்டின் பின்னால் எந்த எந்த போர்ட் இருக்கிறது, ஃபேன் எத்தனை இணைப்பில் ஓடுகிறது, மெமரி எந்தக் கம்பெனி, அதன் டைமிங் என்ன, வோல்டேஜ் கன்ட்ரோலரிடம் எப்படிப் பேசுவது, மின்சாரத்தை எந்தெந்த இடத்தில் அளப்பது, எல்லாமே அந்த எட்டுக் கால் சிப்புக்குள் இருக்கும் ஒரே கோப்பில்தான். தானம் கொடுக்கிற கார்டில் மூன்று ஃபேன் இரண்டு இணைப்பில் ஓடும், உங்களிடம் ஒரே இணைப்பு, அப்போது ஃபேன் எண் கண்டபடி காட்டும், சில நேரம் ஒரு ஃபேன் சுற்றவே சுற்றாது. அங்கே மூன்று 8-பின் கனெக்டர், இங்கே இரண்டு என்றால் இல்லாத கனெக்டரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து வாட் அளவே பொய்யாகிவிடும். ஒரு 8-பின் கனெக்டருக்கு அதிகாரபூர்வ வரம்பு 150 வாட், ஸ்லாட்டுக்கு 75. உங்கள் கார்டில் ஒரு எட்டும் ஒரு ஆறும் இருந்தால் மொத்தமே 300 என்பதை மறக்கவேண்டாம். வோல்டேஜ் கன்ட்ரோலர் சிப் வேறு வகையாக இருந்தால் கார்டு எழும்பாமலே போகலாம். சிப்பின் கோருக்கு மின்சாரத்தைப் பங்குபோட்டுத் தரும் சுற்றுகள் (ஃபேஸ்கள்) அங்கே பத்து, இங்கே ஆறு என்றால் இங்குள்ளவை ஒவ்வொன்றும் அதிகச் சுமை தூக்கும், அந்தப் பகுதியின் சூட்டை உங்கள் தலைமுறைக் கார்டுகள் பெரும்பாலானவற்றில் சாஃப்ட்வேரில் பார்க்கவும் வழி இல்லை. எனக்குப் பயம் இதில்தான். பயாஸ் கெட்டால் திரும்ப எழுதிவிடலாம், அந்த ஃபேஸ்களில் கருகிப்போன மாஸ்ஃபெட்டை (மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்) ஃப்ளாஷ் செய்து மீட்க முடியாது.

போர்ட் விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், பழைய கார்டு ஒன்றில், பெயர் ஒன்றாக இருந்த இன்னொரு மாடலின் பயாஸை ஏற்றினேன். எழுதி முடித்தாயிற்று என்று செய்தி வந்தது, ரீஸ்டார்ட் கொடுத்தேன், திரை கறுப்பு. ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. பேக்கப்பை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா, அதே கணினியின் டெஸ்க்டாப்பில்! பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸும் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு வருத்தமாக மெசேஜ் எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் விண்டோஸ் லாகின் சத்தம் கேட்டது. கார்டு சாகவில்லை. கேபிளைக் கழற்றிப் பக்கத்து டிஸ்ப்ளேபோர்ட்டில் செருகினேன், படம் வந்துவிட்டது. அந்த பயாஸின் கணக்கில் நான் செருகியிருந்த போர்ட்டே இல்லை. அன்றிலிருந்து கறுப்புத் திரை வந்தால் முதலில் எல்லா போர்ட்டையும் ஒரு சுற்று செருகிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உங்கள் 3070-க்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2021 நடுவில் கிரிப்டோ மைனிங் வேகத்தைக் குறைத்த எல்எச்ஆர் வகை வந்தது. பெட்டியில் பெயர் அதே 3070, ஆனால் டிவைஸ் ஐடி (சிப்பின் அடையாள எண்) வேறு: பழையது 2484-இல் முடியும், எல்எச்ஆர் 2488-இல். ஜிபியு-இசட் முதல் பக்கத்திலேயே காட்டும். இது ஒத்துப்போகாவிட்டால் அந்த பயாஸ் உங்களுக்கானது இல்லை, வேறு தேடுங்கள். ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலும் இதே கதைதான், சிப் பெயரின் கடைசியில் 'ஏ' இருக்கிறதா இல்லையா என்பதில் பலர் தலைமுட்டிக்கொண்டார்கள். அடுத்து மெமரி: சாம்சங்கா ஹைனிக்ஸா என்று அதே பக்கத்தில் இருக்கும், நீங்கள் எடுக்கும் பயாஸ் அந்த மெமரியை ஆதரிக்கிறதா என்று டெக்பவர்அப் தளத்தின் பயாஸ் தொகுப்பில் ஒவ்வொரு கோப்பின் விவரத்திலும் போட்டிருப்பார்கள். அங்கேயே அதிகபட்ச வாட், போர்ட் வரிசை எல்லாம் இருக்கும். முடிந்தால் உங்கள் கார்டைச் செய்த அதே கம்பெனியின் மேல்மாடலைத் தேடுங்கள், பலநேரம் போர்டு ஒன்றே, கூலர் மட்டும் வேறு. அது கிடைத்தால் மேலே நான் அடுக்கிய சிக்கல்களில் முக்கால்வாசி வராது.

செய்தே தீருவேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் வேலை, ஓவர்கிளாக் அமைப்பு எல்லாவற்றையும் ஆஃப்டர்பர்னரில் பூஜ்ஜியமாக்குங்கள், ஆட்டோ ஸ்டார்ட்டையும் எடுத்துவிடுங்கள். பழைய பயாஸை ஜிபியு-இசட்டிலும் என்விஃப்ளாஷிலும் (என்விடியா கார்டில் பயாஸை எழுதும் கருவி) தனித்தனியாகச் சேமித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, ஒன்றைப் பென்டிரைவிலும் ஒன்றைப் போனிலும் வையுங்கள். கார்டில் பயாஸ் ஸ்விட்ச் இருந்தால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றப்போவது இரண்டாவதை மட்டும். டிவைஸ் மேனேஜரில் கார்டை டிசேபிள் செய்யுங்கள், திரை மங்கலாகும், அது சரிதான். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து என்விஃப்ளாஷில் முதலில் பயாஸ் சிப்பில் எழுதவிடாத தடையை நீக்கும் கட்டளை, அப்புறம் 6 என்ற ஆப்ஷனோடு புதிய கோப்பின் பெயர். அந்த 6 எதற்கென்றால், கம்பெனி ஐடி பொருந்தவில்லை என்று அது கேட்கும்போது பரவாயில்லை என்று சொல்வதற்கு. கேள்வியைப் படித்துவிட்டு 'ஒய்' அழுத்துங்கள், படிக்காமல் அழுத்தாதீர்கள், பழைய ஐடி, புதிய ஐடி இரண்டையும் அங்கே அச்சடித்திருக்கும். போர்டு ஐடி பொருந்தவில்லை என்று மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவது என் கட்சி. 2023-இல் அந்தத் தடையையும் தாண்டும் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் அந்தத் தடை காரணத்தோடுதான் இருக்கிறது: போர்டே வேறு என்று உங்களுக்குச் சொல்கிறது. எழுதும்போது சில நொடி திரை போய் வரும். அந்த நேரத்தில் கரண்ட் போகக்கூடாது, அவ்வளவே வேண்டுதல்.

எழுந்து வந்ததும் டிரைவரை ஒருமுறை சுத்தமாக எடுத்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள். உடனே 270-க்கு ஓடாதீர்கள். ஸ்லைடரை இறக்கிப் பழைய 220-இலேயே அரைமணி ஓட்டி ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) சூடு முன்பு போலவே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் பத்து பத்து வாட்டாக. சுவரில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் உத்தமம், சாஃப்ட்வேர் காட்டும் எண் பொய்யா மெய்யா என்று அது சொல்லிவிடும்: சாஃப்ட்வேர் 20 வாட் ஏறியது என்கிறது, சுவரில் 60 ஏறியிருக்கிறது என்றால் உடனே பழைய பயாஸுக்குத் திரும்புங்கள். 1,000 வாட் எக்ஸ்ஓசி (எக்ஸ்ட்ரீம் ஓவர்கிளாக்) பயாஸ் என்று 3090 போன்ற பெரிய கார்டுகளுக்குச் சில சுற்றுகின்றன, அவை திரவ நைட்ரஜன் ஊற்றி ஓட்டுபவர்களுக்காக வந்தவை, பாதுகாப்புகள் தளர்த்தப்பட்டிருக்கும், தினசரி கேமுக்கு அதில் ஒன்றும் இல்லை.

செத்துப்போனால்? ஸ்விட்ச் உள்ள கார்டு என்றால் நல்ல பக்கத்தில் வைத்துக் கணினியை எழுப்பி, விண்டோஸ் வந்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சைக் கெட்ட பக்கம் தள்ளி, பழைய பயாஸை எழுதுங்கள். கேட்கத்தான் முரட்டுத்தனமாக இருக்கும், வழக்கமான முறையே அதுதான். ஸ்விட்ச் இல்லை, ஆனால் பிராசஸரில் கிராபிக்ஸ் இருக்கிறது என்றால் மானிட்டரை மதர்போர்டில் செருகி எழுப்பி அங்கிருந்து எழுதலாம். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தாலோ, ரைசனில் 7000-க்கு முந்தையதாக இருந்து 'ஜி' இல்லாவிட்டாலோ அந்த வசதி கிடையாது, வேறொரு கார்டைக் கடன் வாங்குங்கள். கணினிக்குக் கார்டே தெரியவில்லை என்றால் கடைசி வழி சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பில் நேரடியாக எழுதும் சிறு கருவி) எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் கிளிப்பும். இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதிய கார்டுகள் பலவற்றில் அந்த சிப் 1.8 வோல்ட்டில் ஓடுவது, புரோகிராமரோ 3.3 கொடுக்கும், இடையில் 1.8 வோல்ட் அடாப்டர் போடாமல் கவ்வினால் மீட்க வந்தவரே கொன்றுவிடுவார். சிப்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணை போனில் பெரிதாக்கிப் படித்து, அதன் டேட்டாஷீட்டில் வோல்டேஜைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், வேண்டாம். அங்கே சிப்பைத் தொட மொத்தமும் பிரிக்கவேண்டும். வாரன்டியில் இருக்கும் கார்டுக்கும் என் பதில் அதுதான்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜிபியு-இசட் முதல் பக்கம், சென்சார் பக்கம் இரண்டையும் படமெடுத்துப் போடுங்கள், டிவைஸ் ஐடி, மெமரி, பெர்ஃப்கேப் வரி மூன்றும் தெரிகிற மாதிரி. கூடவே கார்டின் பவர் கனெக்டர் எத்தனை பின் என்றும் சொல்லுங்கள். 'பவர்' என்றே இருந்தால் எந்த பயாஸ் பொருந்தும் என்று சேர்ந்து தேடலாம், 'விரெல்' என்றால் அந்த வளைகோட்டைத் திறந்து உட்காருங்கள்.